கை ஊறும் நேரம்

அவள் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. என் வீட்டில் அந்தப் பெயர் ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை காதில் விழுகிறது. அதை அச்சில் வேறு ஏற்றிவைக்க எனக்கு மனம் வரவில்லை. பொறாமை என்கிறீர்களா? பொறாமைதான். அவளோடு வேலை செய்தது மொத்தமே மூன்று மாதம். அப்போது பிடித்த எரிச்சல் இந்த வயதிலும் முழுசாக இறங்கவில்லை.

ஐம்பதுகளில் ஒரு கோடை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில் வாந்திபேதி கண்டது. ஒரே வாரத்தில் நாலைந்து பேர் போய்ச் சேர்ந்ததும் செங்கல்பட்டிலிருந்து எங்களை அனுப்பினார்கள். ஒரு டாக்டர், டிரஸ்ஸரான நான், ஆயா வேலைக்கு அவள். கடலோரச் சவுக்குத் தோப்புக்குள் கீற்றுக் கொட்டகை போட்டு அதற்குக் காலரா ஷெட் என்று பெயர் வைத்தோம். உள்ளே கயிற்றுக் கட்டில்கள். ஒவ்வொன்றிலும் நடுவில் ஓட்டை, ஓட்டைக்குக் கீழே வாளி. வெளியே துணி வேகவைக்க ஒரு தகர டிரம், கழிவைக் கொட்டிச் சுண்ணாம்பு போட்டு மூட ஒரு குழி. வாசலில் முக்காலிமேல், கிருமி கொல்லும் லைசால் மருந்து கலந்த தண்ணீரோடு ஒரு எனாமல் பேசின்.

காயம் கட்டவும் ஊசி போடவும் பயிற்சி முடித்துச் சர்டிபிகேட் வாங்கியவன் நான். எத்தனை தண்ணீருக்கு எத்தனை லைசால் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவளுக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். செங்கல்பட்டுப் பக்கம் யாருடைய கழனியிலோ கூலிக்கு நாற்று நட்ட குடும்பம் என்று கேள்வி. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னதாக ஒரு சிலுவை. அவளுடைய பூர்வீகம் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அதற்குமேல் நான் கேட்டதில்லை. பிடிக்காதவர்களைப் பற்றி விசாரிப்பதில்லை என்பது என் வழக்கம்.

காலையில் வந்ததும் முதல் வேலையாக, ஷெட் வாசலுக்குக் குறுக்கே பிளீச்சிங் பவுடரால் ஒரு கோடு இழுப்பாள். வாசலில் கோலமாவு விடுகிற லாகவத்தில், குனிந்து, ஒரே இழுப்பு. கோட்டுக்கு அந்தப் பக்கம் நோய், இந்தப் பக்கம் ஊர். அந்தப் பக்கம் போன யாராக இருந்தாலும் திரும்பும்போது கோட்டின்மேல் நின்று பேசினில் இரண்டு கையும் முங்க வைத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம்? அங்கேதான் அவளுடைய கூத்து. எங்களில் டாக்டரிடம் மட்டும்தான் கடிகாரம் இருந்தது. அவள் கடிகாரத்தைக் கேட்கவே இல்லை.

"கை ஊறட்டும். வூட்ல இன்னா இன்னா பேரு கீதோ எல்லாத்தயும் சொல்லு," என்பாள்.

அவ்வளவுதான். வீட்டில் இருக்கிறவர்கள் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாக, நிறுத்தி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை கை தண்ணீருக்குள். வீட்டில் ஆள் குறைவாக இருந்தால் பக்கத்து வீட்டுப் பெயர்களையும் கேட்பாள். கையை முன்னாடியே எடுத்தால், "மறுபடியும் மொதல்லேருந்து," என்பாள். குரல் உயராது, சிரிப்பும் வராது.

முதல் நாள் குப்பத்துப் பெரியவர் தம் தம்பியைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு வெளியே வந்தார். பேசினைப் பார்த்தார். விரல் நுனியை நனைத்துத் தலையில் மூன்று தரம் தெளித்துக்கொண்டு, கண்ணை மூடிக் கும்பிட்டார். தீர்த்தம் என்று நினைத்துவிட்டார் மனுஷர். எனக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"பெரியவரே, சாமி தலைல கீது, சரி. பேதி கைல கீது. கைய வையி."

அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காத மனுஷர் அவர். திரும்பிவந்து இரண்டு கையையும் முக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பதினேழு பெயரைச் சொன்னார். நான் சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். என் ஊசியைப் பார்த்ததும் அந்தக் குப்பமே படகுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தது. அவளுடைய கோட்டைப் பார்த்தால் மட்டும் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். இதை நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

புதிதாக யாருக்கு நோய் கண்டது என்று வீடு வீடாகப் போய் நோட்டில் எழுதுவது என் வேலை. போனால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "இங்க எல்லாம் நல்லாத்தான் கீறோம்." ஷெட்டுக்குக் கொண்டுபோனால் ஆள் பிணமாகத்தான் திரும்பும் என்று பயந்து, நோயாளியை வலைக்குவியலுக்குப் பின்னால் மறைத்து வைத்துவிடுவார்கள். என் நோட்டில் நாலு பெயருக்கு மேல் ஏறவில்லை. நானும் அதை நம்பினேன்.

ஒருநாள் ஒரு பெண், மாமியாரைப் பார்க்க வந்தவள், வாசலில் கையை ஊறப்போட்டுப் பெயர் சொன்னாள். பிள்ளைகள், கொழுந்தன், ஓரகத்தி எல்லாம் வந்தது. கடைசியில், "அப்பறம்... அவரு," என்றாள். அந்தக் காலத்தில் எந்தப் பெண்தான் புருஷன் பெயரைச் சொன்னாள்? நான் கவனிக்கக்கூட இல்லை.

"அவரு எங்க கீறாரு? கடலுக்குப் போயிட்டாரா?"

"இல்ல, வூட்லதான்."

"காத்து இவ்ளோ நல்லா கீதே. வூட்ல இன்னா பண்றாரு?"

அந்தப் பெண் கையைத் தண்ணீருக்குள் வைத்தபடியே ஓவென்று அழுதாள். அரை மணி நேரத்தில் அந்த 'அவரை'க் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தோம். பிழைத்துக்கொண்டான்.

இதெல்லாம் தற்செயல் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. டாக்டரிடம் போய், "ஆயா வாசல்ல உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கிட்டிருக்காங்க சார், கூட்டம் தேங்குது," என்று வத்தி வைத்தேன். அவர் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு அவளைக் கூப்பிட்டு, "குப்பத்துல இப்ப யார் யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டார். அவள் விரல் விட்டு, வீட்டு அடையாளத்தோடு, மூச்சு விடாமல் பதினோரு பெயர் சொன்னாள். யார் யார் பெயர் சொல்லும்போது குரல் தடுக்கியது, யார் பெயரை நேற்றுச் சொல்லி இன்றைக்குச் சொல்லாமல் விட்டார்கள் என்பதெல்லாம் அவளிடம் கணக்காக இருந்தது.

"நீ நோட்டை அந்தம்மாகிட்ட கேட்டு எழுதிக்கய்யா," என்றார் டாக்டர்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அந்தப் பேசினைக் கண்டாலே எனக்கு ஆகாது.

அதுவரைக்கும், டாக்டர் பார்க்கிறாரே என்று, நானும் பெயர் சொல்லிக் கை நனைத்துக்கொண்டுதான் இருந்தேன். மாமல்லபுரத்தில் வாடகைக்கு ஒரு சின்ன வீடு எடுத்து அம்மா, தங்கை, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத என் மனைவி சபுரா, மூன்று பேரையும் அழைத்து வந்திருந்தேன். ஆகக்கூடி மூன்று பெயர். அதற்குப் பிறகு, விரலை நனைத்தது பாதி நனைக்காதது பாதியாகப் போக ஆரம்பித்தேன்.

"இன்னா டிரஸ்ஸர் பாய், பேரு சொல்லாம போற?"

"நான் அஞ்சு வேளை ஒளு செய்யறவன்மா. கை கழுவ எனக்குச் சொல்லித்தராத."

அவள் ஒரு நிமிஷம் என் கையையே பார்த்தாள். "அது சாமிக்கு, பாய். இது சனத்துக்கு," என்றாள். நான் நடந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போனதும் நேரே பின்கட்டுக்குப் போவேன். அங்கே தொழுகைக்குமுன் ஒளு செய்ய ஒரு அண்டா நிறையத் தண்ணீர் இருக்கும். செம்பை உள்ளே விட்டு மொள்ளும்போது என் விரல் நாலும் தண்ணீருக்குள் முங்கும். அதே அண்டாவிலிருந்துதான் சபுரா குடிக்கவும் மொள்வாள். ஒளுவின்மேல் ஒரு குற்றமும் இல்லை. அண்டாவுக்குள் கைவிட்ட என்மேல்தான் குற்றம். தீர்த்தம் தெளித்துக்கொண்ட பெரியவரைப் பார்த்துச் சிரித்தேனே, அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவரிடம் சர்டிபிகேட் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சபுரா இரண்டு தடவை கொல்லைப்பக்கம் போனாள். மூன்றாவது தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கஞ்சித் தண்ணீர் மாதிரி போகிறது என்று அம்மா என் காதில் சொன்னாள். அது என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்தே தெரியாத மாதிரி நின்றேன். உப்புப் போட்ட கஞ்சியைக் குடிக்கச் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். ஷெட்டிலிருந்து யாருக்கும் தெரியாமல் இரண்டு புட்டி சலைன் எடுத்துவந்து நானே ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். கை கழுவாமல் போன டிரஸ்ஸர் பாய் வீட்டிலேயே வந்துவிட்டது பார் என்று அவள் ஜெயித்துவிடுவாள். என் மனைவி உயிரை ஒரு தட்டிலும் இதை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுத்துக்கொண்டே ஒரு மைல் நடந்தேன். வெட்கக்கேடு, ஆனால் நடந்தது அதுதான்.

ஷெட்டுக்குள் போய்ச் சலைன் புட்டி இருந்த பெட்டியைத் திறக்கிற நேரம் டாக்டர் வந்துவிட்டார். ஒன்றும் செய்ய முடியாமல் வெளியே வந்தேன். அவள் வாசலில் நின்றாள். டாக்டர் பின்னாலேயே வந்ததால் அன்றைக்குத் தப்ப முடியவில்லை. பேசினில் கையை வைத்தேன்.

"பேரு சொல்லு பாய்."

அம்மா பெயரைச் சொன்னேன். தங்கை பெயரைச் சொன்னேன். கையை எடுக்கப்போனேன்.

"ஒரு பேரு வுட்டுப்போச்சே."

டாக்டர் மறுபடி உள்ளே போய்விட்டார். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீருக்குள்ளேயே அழுத்தினாள். உரலில் கைவிட்ட மாதிரி இருந்தது அந்தப் பிடி.

"சபுரா," என்றாள் அவளே. பிறகு மெதுவாக, "எப்பலேந்து?"

"காலைலேந்து."

"எத்தினி தபா?"

"மூணு... நான் வரும்போது மூணு."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ போயி டாக்டர இட்டுக்கினு வா. நான் முன்னாடி போறேன்," என்று சொல்லிவிட்டு, பிளீச்சிங் டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மணலில் ஓடினாள். அவ்வளவு வேகமாக அவள் ஓடி நான் பார்த்ததில்லை.

டாக்டரோடு நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது என் வீட்டு நிலைப்படிக்குக் குறுக்கே அந்த வெள்ளைக்கோடு கிடந்தது. அம்மாவும் தங்கையும் தெருவில் கையை ஊறவைத்துக்கொண்டு நின்றார்கள். அண்டா கவிழ்ந்து கிடந்தது. டாக்டரை உள்ளே விட்டவள் என்னை விடவில்லை.

"நீ அங்கயே நில்லு பாய்."

"என் வீடும்மா இது!"

"ஒன் வூடுதான். அதான் நிக்கச் சொல்றேன்."

என் மனைவியை அவள் மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். சபுராவின் கண் உள்ளே போய், விரல் தோலெல்லாம் சுருங்கி, குரலே எழவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று நான் அதைப் பார்த்தேன். பயமும் அழுகையும் ஒரு பக்கம். அதற்கு நடுவிலும், என் இடத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாளே என்று ஒரு காந்தல் எழுந்தது. அப்போதும் அது என்னை விடவில்லை.

ஷெட்டுக்குத் தூக்கிவந்தார்கள். ரத்தக்குழாய் சுருங்கி ஊசி ஏறவில்லை. டாக்டர் கணுக்காலில் கீறித்தான் சலைன் ஏற்றினார். இரண்டு நாள் எதுவும் சொல்ல முடியாது என்றார். கிருமி பரவாமலிருக்க என் வீட்டுப் பாயையும் தலையணையையும் எரித்தார்கள். சபுராவின் நிக்காஹ் புடவை டிரம்மில் வெந்து சாயம் போய், பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் கட்ட முடியாதபடி ஆனது. அம்மாவுக்கு அதில் பெரிய வருத்தம். புடவை போனது என் கண்ணிலேயே படவில்லை.

அந்த நாட்களில்தான் அவள் தன் கையைக் கழுவும்போது என்ன பெயர் சொல்கிறாள் என்று காதுகொடுத்துக் கேட்டேன். வீட்டுப் பெயர் எதுவும் இல்லை. கட்டிலில் கிடக்கிறவர்கள் பெயரை முதல் கட்டிலிலிருந்து கடைசிக் கட்டில்வரை வரிசையாகச் சொன்னாள். காலியான கட்டில்களில் கிடந்து செத்துப்போனவர்கள் பெயரையும் விடவில்லை. ஏழாவது கட்டில், சபுரா. நான் நாளெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்த பெயரை அவள் இப்படிச் சத்தமாகச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாம் நாள் சபுரா கண்ணைத் திறந்து நன்றாகப் பார்த்தாள். நாலாம் நாள் கீற்றுக்கு வெளியே நின்று கேட்டேன்: உள்ளே இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று கேட்டேன், இருவரும் சொல்லவில்லை. கல்யாணமாகி அந்த ஒரு வருஷத்தில் சபுரா என்னிடம் அப்படிச் சிரித்ததில்லை. அதுவரை என் வேலையில் பங்குக்கு வந்தவள் இப்போது என் வீட்டிலும் பங்குக்கு வந்துவிட்டாள் என்று தோன்றியது. டாக்டரிடம் அவள் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவும் எனக்குக் கடுப்பாகத்தான் இருந்தது.

மழை வந்தது, நோய் அடங்கியது, ஷெட்டைப் பிரித்தார்கள். அவளை வேறெங்கோ அனுப்பினார்கள். நான்கைந்து வருஷம் கழித்து ஒரே ஒரு தடவை செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கை இரண்டும் லைசாலில் வெந்து, வெள்ளைவெள்ளையாக வெடித்திருந்தது. என்னைக் கண்டதும் நலமா என்று கேட்கவில்லை. "சபுரா எப்டி கீது? கொழந்தைங்க எத்தினி? பேரு சொல்லு," என்றாள். இரண்டு பெயரைச் சொன்னேன். திரும்ப இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பஸ் வந்துவிட்டது. அவளைப் பார்த்ததை வீட்டில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் சபுரா அடுத்த பஸ்ஸிலேயே தேடிக்கொண்டு கிளம்பியிருப்பாள்.

என் மனைவி இன்றைக்கும் கையைக் கழுவினால் பெயர் சொல்லித்தான் கழுவுவாள். முதலில் அந்த ஆயாவின் பெயர். பிறகு பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். கடைசியில், "அப்பறம் அவரு." அந்த 'அவரு' நான்தான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவள் பெயர் இந்த வீட்டில் ஒலிக்கிறது. என் பெயர் ஒரு தடவைகூட இல்லை.

போன மாதம் பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டேன். "மூணு மாசம் பழகுன பொம்பள பேரு மொதல்ல. கட்டுன புருஷன் கடைசில. இது என்ன நியாயம்?"

சபுரா குழாயை மூடாமல் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னிக்கு அவங்க நம்ம வாசல்ல வந்து நின்னு மொதல்ல சொன்னது என்ன தெரியுமா? 'சபுரா, பாய் ஒன் பேர வுட்டுட்டாரு, அதான் பாக்க வந்தேன்'னாங்க."

நாற்பது வருஷமாக இது அவளுக்குத் தெரியும். ஒரு சண்டையில்கூட எடுத்துப் போடாமல் வைத்திருந்திருக்கிறாள். அவள் பக்கத்தில் போய்க் குழாய்க்குக் கீழே என் கையையும் நீட்டினேன். சோப்பைப் போட்டுத் தந்தாள். "சபுரா," என்று ஆரம்பித்தேன். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், எல்லாப் பெயரையும் ஒன்று விடாமல் நிறுத்திச் சொன்னேன். முடித்துக் கையை உதறப்போனேன்.

என் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீருக்கடியில் அழுத்தினாள் சபுரா.

"ஒரு பேர வுட்டுட்டீங்க," என்றாள்.

சொன்னேன். இங்கேதான் எழுதமாட்டேன்.